அண்ணத்தில் விழுந்த ஓட்டையை வெளித்திசு வைத்து மூடலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். பையனுக்கு ஐந்து வயது. அண்ணப்பிளவோடு, அதாவது மேல்வாய் பிளந்தபடி, பிறந்தவன். பதினோராவது மாதத்தில் அறுவை சிகிச்சை செய்து பிளவை மூடினார்கள். சில வாரத்திலேயே நடுவில் ஒரு சிறு ஓட்டை திறந்துகொண்டது. இன்றும் பால், பாயசம் குடித்தால் மூக்கில் எட்டிப் பார்க்கிறது. இப்போது மறுபடி மூடலாம், நடுவில் 'செல் நீக்கிய தோல்' ஒன்றை வைப்போம் என்று டாக்டர் சொல்கிறார். அது யாருடைய தோல், உடம்பு ஏற்றுக்கொள்ளுமா, கட்டாயம் வேண்டுமா? இதுதானே கேள்வி.

உடம்பு ஏற்றுக்கொள்ளும். பெரும்பாலும் சிக்கல் வராது. ஆனால் ஓட்டையை அடைக்கப்போவது அந்தத் தோல்தான் என்று நினைத்துக்கொண்டு சம்மதக் கையெழுத்துப் போடாதீர்கள். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுகிற கதை இல்லை இது. அந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மற்ற கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்வீர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பிளவு உதடு, பிளவு அண்ணம் அறுவை சிகிச்சைகள்தான் இருபது வருடத்துக்கு மேல் என் பிழைப்பு. நான் போட்ட தையலும் பிரிந்திருக்கிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாக்கு நுனியை மேல் முன்பல்லுக்குப் பின்னால் வைத்து, அப்படியே பின்பக்கம் இழுத்துப் பாருங்கள். முதலில் கெட்டியாகத் தட்டுப்படுவது கடின அண்ணம். அப்புறம் மெத்தென்று ஆகும், அது மென் அண்ணம். உள்நாக்கோடு அது முடிகிறது. கடின அண்ணத்தில் மூன்று அடுக்கு: வாய்ப்பக்கத்துச் சவ்வு, நடுவில் எலும்பு, மேலே மூக்குப்பக்கத்துச் சவ்வு. பிளவோடு பிறந்த குழந்தைக்கு அறுவை செய்யும்போது நாங்கள் நடு எலும்பைச் சேர்ப்பதில்லை. மூக்குப்பக்கச் சவ்வை ஒரு வரிசையாகத் தைக்கிறோம். மென் அண்ணத்தில் தசைகளைத் திருப்பி இணைக்கிறோம். பிறகு வாய்ப்பக்கச் சவ்வைத் தைக்கிறோம். ஆக, கடின அண்ணத்தின் நடுக்கோட்டில் இரண்டு மெல்லிய அடுக்குகள் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நடுவே எதுவும் கிடையாது. இரண்டு வரிசைத் தையலும் ஒரே இடத்தில் விட்டுக்கொடுத்தால் தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும்.

ஏன் விட்டுக்கொடுக்கிறது? அகலமான பிளவில் இரண்டு ஓரத்தையும் இழுத்துக்கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருக்கிறது. இழுவை அதிகமானால் விளிம்புக்கு இரத்தம் போகாது. இரத்தம் போகாத விளிம்பு ஒட்டாது. அண்ணத்தின் வாய்ப்பக்கச் சவ்வுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் ஒரு தமனிதான் முக்கியப் படியளப்பு. அதை நம்பித்தான் எல்லா விளையாட்டும். கடின அண்ணமும் மென் அண்ணமும் சேரும் இடம், முன்பல் ஈறுக்குப் பின்னால் உள்ள இடம், இந்த இரண்டிலும்தான் ஓட்டைகள் அதிகம் விழும். உங்கள் பையனுக்கு முதல் இடம் என்று நினைக்கிறேன். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், அறுவை செய்தவர்களில் ஏறத்தாழ 5 முதல் 9 சதவீதம் பேருக்கு இப்படி ஓட்டை விழுவதாகச் சொல்கிறார்கள். தனித்தனி மருத்துவமனைக் கணக்கைப் பார்த்தால் இதைவிட ரொம்பக் குறைவாகவும் உண்டு, ரொம்ப அதிகமாகவும் உண்டு. உங்கள் கவனக்குறைவால் வந்தது என்று யாராவது உறவினர் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இந்தச் சிகிச்சைக்கு வயது இருநூறு வருடம். 1819இல் பாரிஸில் ஃபிலிபெர் ரூ என்ற அறுவை நிபுணரிடம் கனடாவிலிருந்து வந்திருந்த ஜான் ஸ்டீபன்சன் என்ற மருத்துவ மாணவர் மாட்டினார். அவருக்குப் பிறவியிலேயே மென் அண்ணப் பிளவு. ரூ அதைத் தைத்தார். மயக்க மருந்தே இல்லாத காலம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தைத்து முடித்ததும் ஸ்டீபன்சன் பேசிய குரல் மாறியிருந்தது. அவர்தான் பின்னாளில் மான்ட்ரியலில் மெக்கில் மருத்துவப் பிரிவு உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். கடின அண்ணத்தை நம்பகமாக மூட இன்னும் நாற்பது வருடம் ஆயிற்று. 1861இல் ஜெர்மானியரான லாங்கன்பெக், சவ்வை மட்டும் உரிக்காமல் எலும்பை ஒட்டியிருக்கும் உறையோடு சேர்த்துத் தூக்கினால் இரத்த ஓட்டம் கெடாது என்று காட்டினார். இன்றைக்கும் நாங்கள் செய்வதன் அடிப்படை அதுதான்.

ஆனால் அப்படித் தூக்கி நடுவுக்கு நகர்த்தும்போது பக்கவாட்டில் எலும்பு வெறுமையாக விடப்படுகிறது. அது தழும்பாகத்தான் ஆறும். தழும்பு சுருங்கும். சுருங்கினால் மேல்தாடை வளர்ச்சி குறையும். இதற்கு நல்ல சாட்சி இலங்கையில் கிடைத்தது. 1980களில் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையைச் சேர்ந்த மைக்கேல் மார்ஸ், இலங்கையின் தென்பகுதியில் சிகிச்சையே கிடைக்காமல் வளர்ந்துவிட்ட பிளவுள்ள பெரியவர்களை ஆராய்ந்தார். பிளவு அப்படியே இருந்தும், அவர்களுடைய மேல்தாடை பெரும்பாலும் நன்றாக முன்னோக்கி வளர்ந்திருந்தது. முகம் உள்வாங்குவதற்குப் பிளவைவிட அறுவையின் தழும்புதான் பெரிய காரணம் என்ற சந்தேகம் அதோடு வலுத்தது. வெளியிலிருந்து திசு கொண்டுவரலாமா என்ற யோசனைக்குப் பின்னால் இந்தக் கவலையும் இருக்கிறது. உள்ளூர்ச் சவ்வை எவ்வளவு குறைவாக இழுக்கிறோமோ அவ்வளவு நல்லது.

சரி, இப்போது இரண்டாவது அறுவைக்கு வருவோம். முதல் தடவை மெத்தென்று இருந்த சவ்வு இப்போது தழும்பு. நீளாது, இரத்தமும் குறைவு. அதனால் ஓட்டையை மறுபடி மூடுவது முதல் தடவையைவிடக் கஷ்டம், மறுபடி திறந்துகொள்ளும் வாய்ப்பும் கூடுதல். எங்கிருந்தாவது கடன் வாங்கித்தான் ஆக வேண்டும். கடனில் இரண்டு வகை. ஒன்று, உயிருள்ள திசுவை அதன் இரத்தக் குழாயோடு திருப்பிக்கொண்டுவருவது. இதை ஃப்ளாப் என்போம். இன்னொன்று, இரத்தக் குழாய் இல்லாத திசுவைக் கொண்டுவந்து வைப்பது. இதுதான் கிராஃப்ட், நம் வார்த்தையில் ஒட்டு. ஒட்டு பிழைப்பது முழுக்க முழுக்க அது உட்காரும் இடத்தின் தயவில்தான். சுற்றியுள்ள திசுவிலிருந்து இரத்தக் குழாய்கள் அதற்குள் முளைத்து நுழைய வேண்டும். ஓட்டையின் நடுவில், மேலே காற்றும் கீழே எச்சிலுமாக அந்தரத்தில் தொங்கும் ஒட்டுக்கு யார் இரத்தம் கொடுப்பது? பஞ்சர் ஒட்டுகிற கதை இல்லை என்று சொன்னது இதனால்தான்.

உங்கள் டாக்டர் சொன்ன பொருள் இந்த இரண்டாவது வகை. இறந்தவர்களின் குடும்பம் தானமாகக் கொடுத்த மனிதத் தோலை எடுத்து, மேல்தோலை நீக்குகிறார்கள். பிறகு உள்தோலில் உள்ள எல்லாச் செல்களையும் கழுவி எடுத்துவிட்டு, உறையவைத்து உலர்த்திப் பொட்டலம் போடுகிறார்கள். மிஞ்சுவது கொலாஜன், எலாஸ்டின் என்ற புரத நார்கள் பின்னிய ஒரு வலை மட்டும். ஆள் காலி செய்துவிட்டுப் போன வீட்டின் தூணும் சுவரும் மாதிரி. 1990களில் தீக்காயக்காரர்களுக்காக அமெரிக்காவில் சந்தைக்கு வந்த அல்லோடெர்ம் இதில் பிரபலமான பெயர். 2003 வாக்கிலிருந்து அண்ணத்திலும் வைத்துப் பார்த்த அனுபவங்கள் மருத்துவ இதழ்களில் வர ஆரம்பித்தன.

'வேறு ஆளின் தோல், உடம்பு தள்ளிவிடாதா?' என்று கேட்டீர்கள். நம் எதிர்ப்பு சக்தி அந்நியனை அடையாளம் காண்பது பெரும்பாலும் செல்லின் மேலுள்ள முத்திரைகளை வைத்து. செல்லே இல்லாதபோது முத்திரையும் இல்லை. சிறுநீரக மாற்றுக்குப் பிறகு ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடுவதுபோல் இதற்கு எதுவும் தேவையில்லை. தானம் கொடுத்தவருக்கு எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகள் இருந்தனவா என்று பரிசோதித்துத்தான் தோலைப் பயன்படுத்துகிறார்கள். அபாயம் பூஜ்யம் என்று எந்த டாக்டரும் எழுதிக்கொடுக்க மாட்டார். ஆனால் இந்த விஷயத்தில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அது என்ன செய்கிறது? மூக்குப்பக்க அடுக்கை முதலில் மூடிவிட்டு, அதன் மேல் இந்த வலையைப் படுக்கவைத்து ஓரங்களில் தைக்கிறோம். பிறகு வாய்ப்பக்க அடுக்கை மூடுகிறோம். வெற்றாக இருந்த நடு இடத்தில் ஒரு மூன்றாவது அடுக்கு வந்துவிடுகிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் பையனுடைய சொந்தச் செல்களும் இரத்தக் குழாய்களும் அதில் குடியேறும். நாளடைவில் அது அவன் திசுவாகவே மாறிப்போகும். நடுவில் ஏதாவது ஒரு வரிசைத் தையல் கொஞ்சம் விரிந்தாலும், எதிர்ப்பக்கம் கெட்டியாக இருந்தால் அந்த வலையின் மேல் சவ்வு படர்ந்து மூடிக்கொள்ள வாய்ப்பு உண்டு. இரண்டு பக்கமும் பிரிந்தால்? வலை நமத்துப்போய் ஒருநாள் வாயில் துணுக்காக வரும், ஓட்டை பழையபடி நிற்கும். ஆகவே இதை இரண்டாவது பூட்டு என்று வைத்துக்கொள்ளலாம். கதவு வேறு.

பலன் எவ்வளவு? வெளிவந்த அனுபவங்கள் பொதுவாக நல்லபடியாகத்தான் சொல்கின்றன. ஆனால் பெரும்பாலானவை ஒரே மருத்துவமனையின் சில பத்து நோயாளிகள். வைத்தவர், வைக்காதவர் என்று குலுக்கிப் பிரித்து ஒப்பிட்ட பெரிய ஆய்வின் பலம் இதற்குக் கிடையாது. இறக்குமதிப் பொருள் என்பதால் விலையும் கடிக்கும்.

இன்னொன்றைக் கட்டாயம் கேளுங்கள். 'செல் நீக்கிய' என்று பொதுவாகச் சொல்லும் பொருள்கள் எல்லாம் மனிதத் தோலிலிருந்து வருவதில்லை. பன்றித் தோலிலிருந்து செய்தது உண்டு, பன்றிக் குடலின் உள்ளடுக்கிலிருந்து செய்தது உண்டு, மாட்டிலிருந்து செய்ததும் உண்டு. மருத்துவரீதியாக எல்லாமே ஏறக்குறைய ஒரே தத்துவம்தான். ஆனால் நம் ஊரில் ஒரு வீட்டுக்குப் பன்றி ஆகாது, அடுத்த வீட்டுக்கு மாடு ஆகாது. அறுவை முடிந்து ஆறு மாதம் கழித்துப் பில்லில் பெயரைப் பார்த்துத் தெரிந்துகொண்டு ஒரு குடும்பம் கலங்கி உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். முன்கூட்டியே சொல்லாதது டாக்டர் தரப்பின் தப்பு. கேட்பது உங்கள் உரிமை, சங்கடப்படாதீர்கள்.

இதே நடு அடுக்கு வேலைக்கு மலிவான பொருள்களும் உண்டு. பிரசவத்துக்குப் பிறகு கிடைக்கும் பனிக்குடச் சவ்வைச் சுத்தம் செய்து, உலர்த்தி, காமா கதிரில் கிருமி நீக்கிப் பயன்படுத்துகிறார்கள். 1910லேயே அமெரிக்காவில் தோல் காயத்துக்கு இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் திசு வங்கி 1988 முதல் இயங்குகிறது. அங்கே தயாராவதில் இதுவும் ஒன்று. அப்புறம் பிஆர்எஃப். பையன் கையிலிருந்தே கொஞ்சம் இரத்தம் எடுத்து, உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் கலக்காமல் சுழற்றினால் நடுவில் ஃபைப்ரின் கட்டி ஒன்று திரளும். அதை அழுத்தினால் ஒரு சவ்வு. 2001 வாக்கில் பிரான்ஸில் ஷுக்ரூன் என்பவர் அறிமுகப்படுத்தியது, இன்று பல் மருத்துவமனைகளில் சாதாரணம். ஆறுவதற்கு உதவும், ஆனால் சில வாரத்தில் கரைந்துபோகும். வலுவான மூன்றாம் அடுக்கு என்று அதை நம்ப மாட்டேன்.

என்னைக் கேட்டால், உங்கள் பையன் வயதில், ஓட்டை நான் நினைக்கிற இடத்தில் இருந்தால், கடையில் வாங்கும் திசுவுக்கு முன்னால் கன்னத்துக் கொழுப்பைத்தான் யோசிப்பேன். குழந்தைகளின் கன்னம் கொழுகொழுவென்று இருப்பதற்குக் காரணமே இந்தக் கொழுப்பு உருண்டைதான். பால் சப்பும்போது கன்னம் உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் காக்கிறது. 1802இல் ஃபிரெஞ்சுக்காரர் பிஷா இதைக் கொழுப்பு என்று விளக்கும்வரை சுரப்பி என்றுகூட நினைத்திருக்கிறார்கள். வளர்ந்தவர்களில் ஒரு பக்கத்துக்கு 10 மில்லி அளவு இருக்கும். மேல் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் சின்னதாக வெட்டினால் வெண்ணெய்போல் வெளியே வரும். தன் இரத்தக் குழாய்களோடு வருவதால் இது ஃப்ளாப், உயிர் உள்ள அடுக்கு. 1977இல் எகேடி என்பவர் இதை வைத்து வாய்க்கும் மூக்குக்கும் இடையிலான ஓட்டைகளை மூடியதை எழுதினார். இதன் அழகு என்னவென்றால் மேலே தோல் வைத்துத் தைக்க வேண்டியதே இல்லை. திறந்தபடி விட்டாலும் 3 முதல் 6 வாரத்தில் வாய்ச் சவ்வு அதன் மேல் படர்ந்துவிடும். முதல் வாரம் வாய்க்குள் மஞ்சளாக, அழுகியதுபோலத் தெரியும். பயந்துகொண்டு ராத்திரியில் போன் செய்யாத பெற்றோர் குறைவு. கன்னம் ஒடுங்கிவிடுமா என்றால், கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பொதுவாக இல்லை. ஒரே குறை, பின்பகுதிக்குத்தான் எட்டும், முன்பல் பக்கம் எட்டாது.

முன்பக்க ஓட்டைக்குக் கன்னத்தின் உட்சவ்வை முகத் தமனியோடு சேர்த்துத் திருப்பலாம். பிரிபாஸ் 1992இல் சொன்ன வழி. பெரிய ஓட்டை, பலமுறை தோற்ற கேஸ் என்றால் நாக்கு. நாக்கின் மேல்பகுதியில் ஒரு பட்டையை முன்பக்கம் ஒட்டியபடியே தூக்கி, அண்ணத்தில் தைத்துவிடுவோம். இரண்டு மூன்று வாரம் நாக்கு அண்ணத்தோடு கட்டுண்டு கிடக்கும். திரவ ஆகாரம்தான். பிடித்தபின் வெட்டிவிடுவோம். ஒட்டு மாங்கன்று கட்டுகிறவர்கள் தாய்மரத்துக் கிளையை வெட்டாமலே தொட்டிக் கன்றோடு சேர்த்துக் கட்டி, இரண்டும் கூடிய பிறகு வெட்டுவார்களே, அதே வேலை. சின்னக் குழந்தைக்கு இது கொடுமை. உங்கள் பையனுக்குத் தேவைப்படும் என்று தோன்றவில்லை.

ஓட்டையை மூடினால் பேச்சு சரியாகிவிடுமா என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தீர்கள். எனக்கு அதுதான் முக்கியக் கேள்வியாகப் படுகிறது. ஒரு சின்னக் கண்ணாடியை அவன் மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு 'பாப்பா', 'தாத்தா', 'காக்கா' என்று சொல்லச் சொல்லுங்கள். கண்ணாடி மங்கக் கூடாது. 'மாமா' என்றால் மங்கும், அது இயல்பு, மகரம் மூக்கொலிதானே. பாப்பாவுக்கும் மங்கினால் காற்று மூக்கில் கசிகிறது. ஆனால் எந்த வழியாக? ஓட்டை வழியாகவா, இல்லை மென் அண்ணம் குட்டையாக இருந்து தொண்டையின் பின்சுவரைத் தொட முடியாததாலா? இதைக் கண்டுபிடிக்கப் பழைய தந்திரம் ஒன்று இருக்கிறது. ஓட்டையைப் பல் மெழுகாலோ சூயிங்கம்மாலோ தற்காலிகமாக அடைத்துவிட்டு மறுபடி பேசவைத்துக் கேட்பது. (வீட்டில் செய்யாதீர்கள், டாக்டரோ பேச்சுப் பயிற்சியாளரோ செய்யட்டும்.) மாற்றம் தெரிந்தால் ஓட்டைதான் குற்றவாளி. தெரியாவிட்டால் உலகத்தின் விலையுயர்ந்த ஒட்டை வைத்து மூடினாலும் பாயசம் நிற்கும், பேச்சு மாறாது. அதற்கு மென் அண்ணத்தை நீட்டும் வேறு அறுவை வேண்டும். இரண்டையும் சில நேரம் ஒரே மயக்கத்தில் செய்யலாம். காற்றைத் தொண்டையிலேயே அடைத்துப் பேசும் பழக்கம் ஊறியிருந்தால் பேச்சுப் பயிற்சியும் தேவை, கத்தி அதைச் சரிசெய்யாது.

ஈறிலும் பிளவு இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் 8 முதல் 11 வயதுக்குள், கோரைப்பல் முளைக்கும் முன், இடுப்பெலும்பிலிருந்து பஞ்சு போன்ற எலும்பை எடுத்து அந்த இடைவெளியில் நிரப்புவார்கள். பாய்ன், சாண்ட்ஸ் இருவரும் 1972இல் நிலைநிறுத்திய முறை. வைத்த எலும்புக்குள்ளேயே பல் ஊர்ந்து இறங்கிவரும். ஒட்டு என்ற விஷயத்தில் நான் பார்த்த மிக அழகான காட்சி அதுதான். முன்பக்கம் சின்ன ஓட்டை இருந்தால் அதோடு சேர்த்து மூடிவிடலாம் என்று காத்திருப்பதும் உண்டு. தொந்தரவே தராத ஊசிமுனை ஓட்டையைச் சும்மா விட்டுவிடுவதிலும் தப்பில்லை.

இணையத்தில் தேடினால் இரண்டு விஷயம் உங்களைக் குழப்பும். அண்ணத்து ஒட்டு என்று பல் மருத்துவர்கள் எழுதுவது பெரும்பாலும் அண்ணத்திலிருந்து சவ்வை எடுத்து ஈறில் வைப்பது. நேர்த் தலைகீழ். இன்னொன்று, புற்றுநோய்க்கோ 2021இல் கொரோனாவுக்குப் பின் வந்த கருப்புப் பூஞ்சைக்கோ மேல்தாடையையே எடுத்தவர்களின் படங்கள். அங்கே இடைவெளி பெரிது. காலெலும்பைத் தோலோடும் இரத்தக் குழாயோடும் எடுத்து நுண்ணோக்கியில் இணைக்கிறார்கள், அல்லது கழற்றி மாட்டும் அடைப்பான் செய்கிறார்கள். அடைப்பான் பதினாறாம் நூற்றாண்டு சமாச்சாரம். 1893இல் அமெரிக்க அதிபர் குரோவர் கிளீவ்லாந்துக்கு ஒரு படகில் வைத்து ரகசியமாக அண்ணத்தை அறுத்தார்கள். பிறகு அவர் ரப்பர் அடைப்பான் மாட்டி ஊருக்கே தெரியாமல் மேடையில் பேசிக்கொண்டிருந்தார். சிக்மண்ட் ஃபிராய்டோ 1923 முதல் சாகும்வரை 16 வருடம் தன்னுடையதை 'ராட்சசன்' என்று திட்டிக்கொண்டே மாட்டினார். உங்கள் பையனுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை, அந்தப் படங்களைப் பார்த்து அழாதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது பொருளின் கம்பெனிப் பெயரை விசாரிப்பதைவிட இதைக் கேளுங்கள்: 'மூக்குப்பக்கம், வாய்ப்பக்கம் இரண்டு அடுக்கையும் இழுவை இல்லாமல் முழுசாக மூட முடியுமா? முடியாவிட்டால் எந்த உயிருள்ள திசுவைக் கொண்டுவருவீர்கள்?' இதற்குத் தெளிவான பதில் வந்தால், நடுவில் செல் நீக்கிய தோல் வைக்கட்டும், நல்லதுதான். 'ஓட்டை மேல் இதை வைத்துத் தைத்தால் போதும்' என்று பதில் வந்தால் இன்னொரு டாக்டரையும் பார்த்துவிடுங்கள். ஸ்மைல் டிரெயின் போன்ற அமைப்புகளின் உதவியில் பிளவு அறுவையை இலவசமாகச் செய்யும் மருத்துவமனைகள் நிறைய உண்டு. இரண்டாவது அறுவையும் அதில் சேருமா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுவைக்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் உங்கள் கையில் இருக்கிறது. கஞ்சி, குழைந்த சாதம், ஒவ்வொரு வாய்க்கும் பின்னால் தண்ணீர். ஸ்ட்ரா கூடாது, ஊதல் கூடாது, கரண்டியை ஆழமாக விடக்கூடாது. ஐந்து வயதுப் பையனின் விரல் வாய்க்குள் போகாமல் பார்ப்பதுதான் பெரும்பாடு. பெரியவர்கள் யாராவது ஒரு முறுக்கைக் கையில் திணித்துவிடுவார்கள், டப்பாவை முன்கூட்டியே பரண்மேல் ஏற்றிவிடுங்கள்.